ஆயிரம் பேக்லிங்க் வாங்கினோம், ஏழு பேக்லிங்க் சம்பாதித்தோம்: ஓர் அப்பளக் கடையின் அனுபவம்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு அப்பளத் தொழிலை அம்மாவும் சித்தியும் தொடங்கினார்கள். இன்று ஆறு பெண்கள் உட்கார்ந்து அப்பளம் இடுகிறார்கள். மாவு பிசைவதும் பிரண்டைச் சாறு எடுப்பதும் இன்னும் சித்தி கையில்தான். கணக்கும் இணையக் கடையும் என் பொறுப்பு. கடைக்கு இணையதளம் போட்டு நாலு வருடம் ஆகிறது. வாங்கியவர்கள் திரும்ப வாங்குவார்கள், அதில் குறை இல்லை. ஆனால் கூகுளில் எங்கள் ஊர்ப் பெயரோடு அப்பளம் என்று தேடினால் மூன்றாம் பக்கத்தில்தான் எங்கள் கடை வரும். எங்கள் ஊர்ப் பெயரை அச்சடித்து வேறு ஊரில் அப்பளம் போடுகிறவர்களெல்லாம் முதல் பக்கத்தில் இருந்தார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

இதைச் சரிசெய்ய இரண்டு இடங்களில் காசு கொடுத்தேன். ஒன்று, தூரத்து ஊரில் இருக்கும் ஒரு நிறுவனம். இன்னொன்று, பாளையங்கோட்டையில் மாடியில் ஒற்றை அறை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யும் ஒரு தம்பி. இந்த மதிப்புரை அந்தத் தம்பியின் சேவையைப் பற்றியது. தன் பெயரையும் எண்ணையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், கையில் இருக்கும் வேலைக்கே நேரம் போதவில்லையாம். பெயர் இல்லாவிட்டாலும் அவர் செய்த விதத்தைச் சொன்னால் சிறுதொழில் செய்கிற நாலு பேருக்குப் பயன்படும். முதல் நிறுவனத்தைப் பற்றிச் சொல்லாமல் அது விளங்காது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன வருடம் தை மாதம் அந்த நிறுவனத்திலிருந்து போன் வந்தது. "மேடம், உங்க சைட்டுக்கு பேக்லிங்க்கே இல்ல. ஆயிரம் பேக்லிங்க் பதினஞ்சாயிரம் ரூபா. எல்லாம் டொமைன் அத்தாரிட்டி அம்பதுக்கு மேல." பேக்லிங்க் என்றால் வேறொருவருடைய தளத்திலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு, அது கூடக் கூட கூகுள் நம்மை மேலே ஏற்றும் என்று விளக்கினார்கள். ஒரு இணைப்பு பதினைந்து ரூபாய்தானே என்று கணக்குப் போட்டேன், பணத்தை அனுப்பினேன்.

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி. "ஏட்டி, நம்ம அப்பளத்த ஒரு வாய் தின்னு பாக்காதவன் ஆயிரம் பேரு, நல்லாருக்குன்னு எப்படி எழுதுவான்?" எனக்குப் பதில் தெரியவில்லை. கம்ப்யூட்டர் விஷயம், அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கேள்விதான் இந்த விஷயம் முழுவதற்கும் சாவி என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இருபது நாளில் எக்செல் பட்டியல் வந்தது, சரியாக ஆயிரம் வரி. முதல் பத்தைத் தட்டிப் பார்த்தேன். ஏதோ ஒரு நாட்டின் கார் உதிரிபாகத் தளத்தில் யாரோ எழுதியதற்குக் கீழே கருத்தாக எங்கள் முகவரி. அடுத்தது ஒரு சூதாட்டப் பக்கம். அடுத்தது ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை, அப்பளம் முடி உதிர்வைத் தடுக்கும் என்கிற மாதிரி இருந்தது. பல இடங்களில் பக்கமே திறக்கவில்லை. திறந்த இடங்களிலெல்லாம் இணைப்பு ஒரே வார்த்தைகளில் இருந்தது: 'பெஸ்ட் அப்பளம் ஆன்லைன்'. நிறுவனத்துக்குப் போன் போட்டேன். "ரிசல்ட் வர மூணு மாசம் ஆகும் மேடம்" என்றார்கள். மூன்று மாதம் கழித்துப் போன் எடுக்கவில்லை. மூன்றாம் பக்கம் மூன்றாம் பக்கமாகவே இருந்தது.

பாளையங்கோட்டைத் தம்பியைப் பற்றி அம்பாசமுத்திரத்தில் நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி சொன்னார். வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகப் பஸ் பிடித்து, எக்செல் பட்டியலை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைத் திறப்பதற்கு முன்னால், "அக்கா, அப்பளம் ஒரு கட்டு கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார். அன்றைக்குக் கையில் இல்லை. அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டில் பொரித்துப் பார்த்துவிட்டு மறுநாள் போன் செய்தார். அவருடைய அம்மா கடையில் வாங்கும் அப்பளம் எண்ணெயில் போட்டதும் சிவக்கிறதாம், எங்களுடையது சிவக்கவில்லையாம், ஏன் என்று கேட்டார். பழைய அப்பளம் சிவக்கும், நாங்கள் இட்டுக் காய்ந்ததை ரொம்ப நாள் வைத்திருப்பதில்லை என்று சொன்னேன். "இத உங்க சைட்ல எங்கயாச்சும் எழுதியிருக்கீங்களாக்கா?" எழுதவில்லை. எங்கள் தளத்தில் அன்றைக்கு இருந்தது விலையும் 'கார்ட்டில் சேர்' பொத்தானும்தான். "பிறகு எதுக்காக ஒருத்தர் உங்களுக்கு லிங்க் கொடுப்பார்?" என்று கேட்டார்.

அவர் விளக்கிய விதத்தை அப்படியே சொல்ல முயல்கிறேன், இந்தச் சேவையில் நான் பெற்ற பெரிய லாபம் அந்த விளக்கம்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த, கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் பேஜ்ரேங்க் என்ற முறையை எழுதி வெளியிட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பிறருடைய கட்டுரையை மேற்கோள் காட்டுவார்கள் அல்லவா, அதே யோசனைதான். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஒரு வாக்கு. ஆனால் எல்லா வாக்கும் சமம் இல்லை. பலருடைய வாக்கைப் பெற்ற பக்கம் போடும் வாக்குக்குக் கனம் அதிகம். அந்தக் கனமும் அந்தப் பக்கத்திலிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்குள் பங்கு பிரியும். முன்னூறு கடைகளை வரிசையாகப் போட்ட பக்கத்தில் நம் பெயர் இருந்தால் நமக்கு வருவது முன்னூறில் ஒரு பங்கு. அன்றிலிருந்து கூகுள் எத்தனையோ மாற்றங்கள் செய்துவிட்டது, இன்றைக்கு இணைப்பு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. அடிப்படை மட்டும் இதுதான் என்றார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கள் சித்தி மகளுக்கு மாப்பிள்ளை விசாரித்த கதை. தரகர் நாலு பேரைக் கூட்டி வந்தார், நாலு பேரும் பையன் தங்கம் என்றார்கள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு, பையன் வீட்டுக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்தவரிடம் போய் ஒரு வார்த்தை விசாரித்தார். அந்த ஒருவர் சொன்னதற்குத்தான் மதிப்பு. அவருக்கு அந்தப் பையனைத் தெரியும், சொல்வதால் அவருக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை, பொய் சொன்னால் கெடுவது அவர் பெயர். தம்பியிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, "சரியாச் சொன்னீங்கக்கா. லிங்க் கொடுக்கிறவர் யாரு, அவருக்கு இதப் பத்தித் தெரியுமா, எதுக்காகக் கொடுத்தாரு, இதத்தான் கூகுளும் கண்டுபிடிக்கப் பாக்குது" என்றார்.

பிறகு நான் வாங்கிய ஆயிரம் இணைப்பையும் எடுத்துவைத்தார். கூகுள் சர்ச் கன்சோல் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கூகுள் இலவசமாகக் கொடுப்பது, தளம் நம்முடையது என்று நிரூபித்தால் போதும். அதில் இணைப்புகள் என்ற பகுதியில் எந்தத் தளங்கள் நம்மை இணைத்திருக்கின்றன, எந்தப் பக்கத்துக்கு, எந்த வார்த்தைகளில் என்று காட்டும். முழுப் பட்டியல் அல்ல, ஒரு மாதிரிதான் என்று கூகுளே சொல்கிறது. அதில் அந்த ஆயிரத்தில் இருநூறுகூட இல்லை. அதே மெனுவில் கூகுள் ஊழியர்கள் நேரடியாக நடவடிக்கை எடுத்திருந்தால் காட்டும் பகுதி ஒன்று உண்டு. அதைத் திறக்கும்போது என் கை நடுங்கியது. சிக்கல் ஒன்றும் இல்லை என்று பச்சைக் குறி வந்தது.

டொமைன் அத்தாரிட்டி என்று அந்த நிறுவனம் சொன்ன எண்ணைப் பற்றியும் கேட்டேன். அது மாஸ் என்ற நிறுவனம் போடும் மதிப்பெண், நூற்றுக்கு. ஏரெஃப்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் டொமைன் ரேட்டிங் என்று வேறொன்று போடுகிறது. இரண்டையும் கூகுள் பயன்படுத்துவதில்லை. இரண்டு தளங்களை ஒப்பிட அது உதவும், ஆனால் அந்த எண்ணைக் கூட்டிக் காட்டவே இணைப்புகளை அடுக்கிய தளங்களும் இருக்கின்றன. விற்பவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த மாதிரித் தளங்கள்தான். கூகுளுக்கென்று ஒரு மதிப்பெண் முன்பு உலாவியின் டூல்பாரில் தெரிந்ததாம், அதை 2016இல் எடுத்துவிட்டார்கள்.

வாங்கிய இணைப்பால் ஆபத்து வருமா என்பதுதான் என் பெரிய பயம். 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது போலி இணைப்பு வைத்திருந்த தளங்கள் தடாலென்று கீழே போயின. 2016 செப்டம்பரிலிருந்து அந்த முறை கூகுளின் மைய நிரலோடு சேர்ந்துவிட்டது, பெரும்பாலும் அப்படிப்பட்ட இணைப்புகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. 2022 டிசம்பரில், குப்பையைக் கண்டுபிடிக்கும் ஸ்பாம்பிரெயின் என்ற தானியங்கி முறையையும் இணைப்புகள் மேல் ஏவினார்கள். அதாவது என் பதினைந்தாயிரம் பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது, தண்டனையாகத் திரும்பவில்லை. இருந்தாலும் தேடலில் மேலே வருவதற்காகக் காசு கொடுத்து இணைப்பு வாங்குவது கூகுள் விதிகளுக்கு விரோதம். நாம் வாங்கியது நமக்கே தெரியும் என்பதால், அந்த ஆங்கிலக் கட்டுரைத் தளங்களை மட்டும் தனியாக ஒரு கோப்பில் எழுதி, இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்கு அனுப்பினார். கருத்துப் பெட்டிக் குப்பையை விட்டுவிட்டார். இந்தக் கோப்பு பெரும்பாலான தளங்களுக்குத் தேவையே இல்லை என்று கூகுள் சொல்வதையும் என்னிடம் காட்டினார். இதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

அவருடைய கட்டணம் மாதம் ஐயாயிரம், குறைந்தது ஆறு மாதம். எத்தனை இணைப்பு என்று கேட்டேன். எண்ணிக்கை தர மாட்டேன் என்றார். அந்தப் பதிலைக் கேட்டதும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

முதல் இரண்டு மாதம் ஒரு இணைப்பும் இல்லை. சனிக்கிழமைகளில் கல்லிடைக்கு வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சித்தியைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். மாவை எவ்வளவு நேரம் இடிக்க வேண்டும், அப்பளக்காரம் கூடினால் என்ன ஆகும், ஆனி ஆடிச் சாரலில் காய வைக்க என்ன செய்கிறீர்கள். சித்தி முதலில், "இந்தப் பையன் அப்பளக் கடை போடப் போறானா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். அந்தப் பதில்களிலிருந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் எழுதினோம். பிரண்டை நறுக்குவதிலிருந்து கட்டுக் கட்டுவது வரை இருபது படங்கள். பக்கத்தின் அடியில், படங்களை யாரும் எடுத்துக்கொள்ளலாம், எங்கள் பெயரைப் போட்டால் போதும் என்று ஒரு வரி.

மூன்றாம் மாதம் முதல் இணைப்பு வந்தது. கோயம்புத்தூரில் இருந்து சமையல் குறிப்புத் தளம் நடத்தும் ஒரு அம்மா. தம்பி அவருக்கு இணைப்புக் கேட்டு எழுதவில்லை. அவருடைய அப்பளக் குழம்புக் குறிப்பில், அப்பளம் சிவந்துபோகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குச் சித்தி சொன்ன காரணத்தை எழுதி, வேண்டுமானால் எங்கள் படத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று மெயில் அனுப்பினார். அந்த அம்மா குறிப்பின் நடுவிலேயே இரண்டு வரி சேர்த்து, 'கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடும் முறை' என்ற வார்த்தைகளில் எங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தார். அந்த வாரமே அதன் வழியாகப் பதினோரு ஆர்டர் வந்தது.

இந்த ஒரு இணைப்பில் எல்லாம் அடக்கம் என்று தம்பி சொன்னார். தளம் சமையலைப் பற்றியது, நம் பொருளோடு சம்பந்தம் உள்ளது. இணைப்பு பக்கத்தின் அடிப்பகுதியிலோ ஓரத்திலோ இல்லை, வாசிக்கிற இடத்தில் இருக்கிறது. வாசிப்பவர் தட்ட வாய்ப்புள்ள இணைப்புக்குக் கூடுதல் மதிப்புத் தரும் முறை ஒன்றுக்கு கூகுள் 2010இல் காப்புரிமையே பெற்றிருக்கிறது. இணைப்பாக இருக்கும் வார்த்தைகள், அதைத்தான் ஆங்கர் டெக்ஸ்ட் என்கிறார்கள், அந்த அம்மா தன் இஷ்டத்துக்கு எழுதியது. ஆயிரம் இடத்தில் ஒரே வார்த்தை இருந்தால் ஒரே ஆள் எழுதியது என்று குழந்தைக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல், தேடுபொறி என்று ஒன்று இல்லாவிட்டாலும் அந்த இணைப்பால் எங்களுக்கு வியாபாரம் உண்டு.

அடுத்து வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுக்கு உளுந்து தரும் வியாபாரி தன் தளத்தில் எங்களைப் போட்டார், கேட்டதும் போட்டுவிட்டார், இத்தனை வருடம் நான் கேட்காமல் இருந்ததுதான் ஆச்சரியம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி மாணவிகள் வந்து பார்த்துவிட்டு எழுதிய அறிக்கையைத் துறைப் பக்கத்தில் ஏற்றினார்கள். அமெரிக்காவில் ஒரு தமிழ்ச் சங்கம் விழாச் சாப்பாட்டுக்கு வாங்கிவிட்டுப் பெயரோடு நன்றி போட்டது. சாரல் காலத்தில் அப்பளம் காய வைக்கும் பாட்டைப் பற்றி ஒரு நாளிதழின் இணையப் பக்கத்தில் செய்தி வந்தது.

அந்த நாளிதழ் இணைப்பில் நோஃபாலோ என்ற குறி இருந்தது. கருத்துப் பெட்டிகளில் குப்பை சேருவதைத் தடுக்க 2005இல் கொண்டுவந்த குறி அது, இந்த இணைப்புக்கு வாக்கு இல்லை என்று அர்த்தம். எனக்கு முகம் வாடிவிட்டது. 2019இல் கூகுள் இதைக் கட்டளையாக அல்லாமல் ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வதாக அறிவித்துவிட்டது என்று தம்பி சொன்னார். ஆறாவது இணைப்பு அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வந்தது. மணிமுத்தாறு, பாபநாசம் பக்கம் சுற்றிப் பார்த்து எழுதும் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து, மோர்க்குழம்பும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு எழுதினார். அவர் தந்த இணைப்பில் எந்தக் குறியும் இல்லை. குறியைப் பார்த்து நான் செய்தியாளரைத் திருப்பி அனுப்பியிருந்தால் இதுவும் வந்திருக்காது.

ஏழாவது, எங்கள் படத்தைப் பெயர் போடாமல் எடுத்துப் போட்டிருந்த ஒரு உணவுத் தளம். எனக்குக் கோபம். தம்பி கோபப்படாமல், படம் எடுத்தவர்கள் இவர்கள், மூலப் பக்கம் இது என்று மரியாதையாக எழுதினார். இரண்டு நாளில் மன்னிப்போடு இணைப்பைச் சேர்த்துவிட்டார்கள். இடையில் ஒரு தளம் மூவாயிரம் ரூபாய் கேட்டது. விளம்பரமாகப் போட்டால் போடலாம், ஆனால் பணம் கொடுத்த இணைப்பு என்று ஸ்பான்சர்டு குறி வைக்க வேண்டும் என்று தம்பி அவர்களிடம் சொன்னார். அவர்கள் மறுத்தார்கள், நாங்களும் விட்டுவிட்டோம்.

ஆக, முப்பதாயிரம் ரூபாய்க்கு ஏழு இணைப்பு. ஒன்றுக்கு நாலாயிரத்துக்கு மேல் ஆகிறது. எங்களைப் போன்ற வீட்டுத் தொழிலுக்கு இது சின்னத் தொகை இல்லை, முதல் இரண்டு மாதம் ஒன்றும் நடக்காதபோது நான் தூங்காமல் இருந்திருக்கிறேன். இப்போது ஊர்ப் பெயரோடு தேடினால் முதல் பக்கத்தின் கீழ்ப் பாதியில் வருகிறோம். இதில் இணைப்புக்கு எவ்வளவு பங்கு, புதிதாக எழுதிய பக்கத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். 'அப்பளம்' என்று மட்டும் தேடினால் இன்னும் நாங்கள் இல்லை. அதற்கு வருடங்கள் ஆகும் என்றும் முதல் நாளே சொன்னார்.

குறை என்றால், மாத அறிக்கை ஒருமுறைகூடச் சொன்ன தேதியில் வரவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டார். அறிக்கையில் எந்தத் தளத்துக்கு என்ன எழுதினார், யார் பதில் போடவில்லை என்பதெல்லாம் இருக்கும், ஆனால் அதைப் புரிந்துகொள்ள அவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத்தில் எளிதாக எழுதித் தந்தால் அம்மாவும் படிப்பாள். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன்.

இந்த ஆறு மாதம் ஆடியோடு முடிந்தது. ஆவணியில் சாரல் ஓய்ந்ததும் இன்னும் மூன்று மாதத்துக்குப் பேசியிருக்கிறோம். முதல் வேலை பிரண்டையைப் பற்றிய பக்கம். ஆற்றங்கரைப் பக்கம் வேலியில் அதைப் பறிக்கிற இடத்துக்கு ஒரு சனிக்கிழமை சித்தி அவரைக் கூட்டிப்போகிறாள். கை அரிக்காமல் இருக்க நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான் பிரண்டையைத் தொட வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.